பச்சை நிறத்தில் ஒரு கோழி

“என் கோழிய எவன் பச்சையாக்குனது?”

கும்மிடிப்பூண்டி ரயிலடிக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் அதுவரை யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. ஆற்றிக்கொண்டிருந்த மாஸ்டரின் கை அப்படியே நின்றது. பஜ்ஜியைக் கடித்தவர்கள் மெல்ல மறந்தார்கள்.

கேட்டவள் நர்மதா. வேலை முடிந்து எளாவூருக்கு ஷேர் ஆட்டோ பிடிக்கப் போனவளைக் கார்த்திகை மழை துரத்திக்கொண்டு வந்து இந்தக் கடைக்குள் தள்ளியிருந்தது. துப்பட்டா நுனியால் முகத்தைத் துடைத்தபடி தற்செயலாக நிமிர்ந்தாள்... நிமிர்ந்தவள்தான். குனியவில்லை.

கடைக்குக் கூரையாகக் கட்டியிருந்தது ஒரு ஃபிளெக்ஸ் பேனர். அதில் தலைகீழாக ஒரு கோழி. மஞ்சள் ஹெல்மெட் ஒன்றைக் கூடாக்கிக்கொண்டு, பளபளக்கும் இரும்புக் குண்டுகளை முட்டை என்று நம்பி, கண்ணை இறுக்கி மூடி அடைகாத்துக்கொண்டிருந்தது. அவள் எடுத்த படம்! அவள் வீட்டுச் செங்கோழி! ஆனால் பாசி பிடித்த குளம் மாதிரிப் பச்சைப் பசேலென்று இருந்தது.

“அது உங்க கோழிங்களா?”

பெஞ்சின் ஓரத்தில் இருந்து ஒருவன் கேட்டான். சட்டைக் கையில் நீலமும் மஞ்சளுமாக மைக் கறை. நனைந்த தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. அந்த நெற்றிக்குக் கீழே, எதையோ கேட்டுவிட்டு பதிலுக்குக் காத்திருக்கும் குழந்தையின் கண்கள்...

கண்ணாவது ஒன்றாவது! நர்மதாவுக்கு அதையெல்லாம் பார்க்க நேரமில்லை.

“ஆமா, என் கோழிதான். உங்களுக்கு இன்னா?”

“இல்லீங்க... செவப்பு மை அடைச்சிக்கிச்சி. அதான் கோழி பச்சையாப் பூடுச்சி. நான்தான் பிரிண்ட் போட்டேன். வீணாப் போன ஷீட்டு. மாஸ்டர் கடை ஒழுவுதுன்னாரு, குடுத்துட்டேன்.” அவன் சிரித்தான். “ஆனா செம எடிட்டுங்க. கோழிய எங்கேர்ந்து வெட்டி எடுத்தீங்க? ஓரமே தெரியல!”

பாராட்டித்தான் சொன்னான். நர்மதாவுக்கு உள்ளங்காலில் இருந்து உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது.

“வெட்டி எடுத்தேனா?”

“ஹெல்மெட் ஒரு படம், கோழி ஒரு படம், குண்டு ஒரு படம்... மூணையும் ஒட்டி...”

“ஒட்டல! மூணும் ஒண்ணா இருந்திச்சி. ஒரே எடத்துல. எங்க ஊட்டுக் கொட்டாய்ல!”

அவள் கையில் இன்னும் தழும்பு இருக்கிறது. சிப்காட்டில் பேரிங் கம்பெனியின் தரப் பரிசோதனைப் பிரிவில் நர்மதாவுக்குக் காண்ட்ராக்ட் வேலை. ஒரு நாளைக்கு ஆயிரம் இரும்புக் குண்டுகளை உருட்டி உருட்டிப் பார்த்து, குறை உள்ளதைத் தள்ளுகிற கண் அவளுடையது. தள்ளியவை எல்லாம் கடைசியில் பீட்டர் அண்ணனின் காயலாங்கடையில் போய் விழும். அங்கே போய் அவற்றையே மறுபடி கேட்டு வாங்கி வருவாள். உடைந்த ஹெல்மெட், கிழிந்த கையுறை, செத்த டியூப் லைட்... ஊர் குப்பை என்று எறிவது அவள் கண்ணுக்கு மட்டும் வேறொன்றாகத் தெரியும். “இதுக்கு சர்ரியலிசம்னு பேராம்டி, கனவு மாதிரி படம் எடுக்கறது” என்று கூட வேலை செய்யும் ஸ்நேகா ஒருநாள் செல்போனில் தேடிச் சொன்னாள். நர்மதாவுக்குப் பேரெல்லாம் தெரியாது. அடைக்கு உட்கார்ந்த கோழியைத் தூக்கி ஹெல்மெட்டில் வைத்தது தெரியும். அது கையைக் கொத்திக் கிழித்தது தெரியும். கூரை இடுக்கில் காலை வெயில் சரியாக விழுவதற்காக மூன்று நாள் குப்புறப் படுத்துக் காத்துக் கிடந்தது தெரியும்.

“ஒம்பது வருசமா இதே தொழில்தாங்க பண்ணிகினு இருக்கேன்” என்றான் அவன், இப்போது கொஞ்சம் ரோஷத்துடன். “அந்தக் குண்டுல ஒரு ஜன்னல் தெரியுது பாருங்க. கோழிக் கொட்டாய்ல ஏது ஜன்னல்? என் கண்ணு பொய் சொல்லாது.”

“அது ஜன்னல் இல்ல, ஓலை பிஞ்ச ஓட்டை! உங்க கண்ணு பொய் சொல்லாது, வாய்தான் சொல்லும்.”

அப்போதுதான் கோழிக்குக் கீழே இருந்த எழுத்துகளைக் கழுத்தைத் திருப்பிப் படித்தாள். ‘தலையைக் காப்போம், தலைமுறையைக் காப்போம். எண்ணமும் வடிவமும்: மனிதவளப் பிரிவு.’

எண்ணமும்... வடிவமும்...

கம்பெனி ஆண்டுவிழா புகைப்படப் போட்டிக்கு அவள் கொடுத்த படம் இது. ‘கம்ப்யூட்டரில் ஒட்டிய படங்கள் ஏற்கப்படாது’ என்று போன வாரம் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அதே படத்தையா பேனர் போடுகிறார்கள்? போட்டிக்குப் பொய். பேனருக்கு மட்டும் நிஜமா?

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மழையில் இறங்கினாள்.

“ஏங்க... மழை! நனைஞ்சிடுவீங்க!”

அவள் திரும்பினாள். இமையில் தண்ணீர் சொட்டியது. கண்ணில் மட்டும் நெருப்பு.

“நனைஞ்சா கரைஞ்சிட மாட்டேன். நான் இன்னா, ஒட்டி வெச்ச படமா?”

மறுநாள் காலையில் முதல் வேலையாக மனிதவளப் பிரிவு அதிகாரி மோகன்ராஜ் முன்னால் போய் நின்றாள்.

“படம் பொய்யின்னா எதுக்கு சார் பேனர்ல போடறீங்க? நெஜம்னா எதுக்குத் தள்ளுனீங்க?”

மோகன்ராஜ் கணினியில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. “கம்பெனிக்குக் குடுத்த படம் கம்பெனிக்குத்தான்மா. அப்புறம், நாங்க சும்மா ஒண்ணும் தள்ளல. விஷயம் தெரிஞ்சவங்கள கேட்டோம். நம்ம பேனர்லாம் போடறாரே, பஜார்ல, பூவராகவன்... அவரே எடிட்டுன்னு சொல்லிட்டாரு. அதுக்கு மேல இன்னா வேணும்?”

நர்மதாவுக்கு நெற்றியில் ஒட்டிய அந்த ஈரமுடி நினைவுக்கு வந்தது.

“நீ காண்ட்ராக்ட்ல இருக்கற பொண்ணு” என்று அவர் சேர்த்துக்கொண்டார். “தை மாசம் ரினிவல் வருது. பாத்து இருந்துக்க.”

அன்று சாயங்காலம் அவள் ஷேர் ஆட்டோ பக்கமே போகவில்லை. நேராக பஜார். ‘ஸ்ரீ வாரி டிஜிட்டல்ஸ்’ என்ற பலகைக்குக் கீழே, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு புயலாக உள்ளே நுழைந்தாள். வாயில் வார்த்தைகள் வரிசை கட்டி நின்றன...

நின்றன. வெளியே வரவில்லை.

உள்ளே ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் பொட்டு வைத்த இடம் வெளுத்துக் கிடந்தது. திரையில் ஒரு மனிதரின் முகம். மூக்கில் ஆஸ்பத்திரிக் குழாய். கண்ணீர் அஞ்சலி போஸ்டர்.

“வேற படமே இல்லியாம்மா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டிருந்தான் பூவராகவன்.

“இல்ல நைனா. கடைசியாப் பேரன் எடுத்தது இது ஒண்ணுதான்.”

“பரவால்ல. குழாய எடுத்துடறேன். மூக்குல குழாயோட அவர ஊரு பாக்க வேணாம்.” மவுஸை மெல்ல மெல்ல நகர்த்தினான். குழாய் கரைந்து போயிற்று. “யம்மா... இந்தக் கன்னத்துல மச்சம் எதனா இருந்திச்சா? குழாய் மறைச்சிகினு இருந்த எடம். தெரியாம நான் பாட்டுக்கு அழிச்சிடக் கூடாது.”

அந்த அம்மாள் விரலை நீட்டித் திரையைத் தொட்டாள். “இங்க. உளுந்து கணக்கா ஒண்ணு.”

அவன் ஒரு மச்சம் வைத்தான். அவள் தலையாட்டினாள். கொஞ்சம் கீழே, என்றாள். நகர்த்தினான். அந்த அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விசும்பினாள்.

கோபமாக வந்த நர்மதா இதையெல்லாம் பார்க்க வேண்டுமா? சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அந்த அம்மாள் எழுந்து போகும் வரை காத்திருந்தாள். கதவு மூடியது.

“செத்தவருக்கு மச்சம் எங்க இருந்திச்சின்னு கேட்டுக் கேட்டுப் பண்றீங்க” என்றாள். “உயிரோட இருக்கறவகிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலியா உங்களுக்கு?”

பூவராகவன் திகைத்துப் போய் எழுந்தான். “நான் இன்னாங்க பண்ணேன்?”

“மோகன்ராஜ் சார்கிட்ட எடிட்டுன்னு சொன்னது நீங்கதானே? உங்க ஒரு வார்த்தையால என் படத்த தள்ளிட்டாங்க. பேர அழிச்சிட்டாங்க. இன்னிக்குப் பொய்க்காரின்னு என்னிய நிக்க வெச்சிட்டாங்க!”

அவன் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கோ இறங்கிப் போனது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

“போன்ல கேட்டாருங்க... அன்னிக்கு நாலு பேனர் ஓடிகினு இருந்திச்சி, ஒரே பேஜாரு. வாட்ஸப்ல துக்குளியூண்டு வந்திச்சி படம். நான் சரியாக் கூடப் பாக்கல. ‘எடிட்டாத்தான் சார் இருக்கும்’னேன். அது யாரு படம், எதுக்குக் கேக்கறாருன்னு...”

“தெரியாது. அதான? தெரியாமயே சொல்லிட்டீங்க.”

அவன் தலை குனிந்தது. ஆனால் அடுத்த நிமிடமே அந்தப் பாழாய்ப்போன ரோஷம் எட்டிப் பார்த்தது. “சரிங்க. பாக்காம சொன்னது தப்பு. ஆனா படம் நெஜம்னு இப்ப மட்டும் எப்பிடிங்க சொல்றது? அந்தக் கோழிய நேர்ல பாத்தா ஒத்துக்கறேன்.”

“ஞாயித்துக்கெழம வாங்க. எளாவூர்ல எறங்கி சடையப்பன் ஊடுன்னு கேளுங்க. கோழியே சொல்லும்!”

வெளியே வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. முன்பின் தெரியாத ஒரு ஆம்பளையை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறாள்... அதுவும் கோழி பார்க்க!

வந்துவிட்டான். முழங்கால் வரை சேறு. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். முந்தின நாள் மழையில் ஊர்ப்பாதை முழுக்கக் குழம்பிக் கிடந்தது.

நர்மதா கொட்டாய்ப் பக்கம் கையை நீட்டினாள். “தோ... அந்தச் செங்கோழிதான்.”

அம்மா பச்சையம்மா முறத்தோடு வெளியே வந்தாள். “அது இல்லடி. அது அடைக்கே உக்காராது. நீ படம் புடிச்சது மொட்டவாலு. அத்த தீபாவளிக்கே கொழம்பு வெச்சாச்சே.”

“இன்னாது?”

“நீதான் ரெண்டு தபா வாங்கித் தின்ன.”

பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது நர்மதாவுக்கு. இப்போது இவன் சிரிப்பான். ‘நான்தான் சொன்னேனே’ என்பான். கண்ணில் முட்டிய நீரைப் பல்லைக் கடித்து நிறுத்திக்கொண்டு நிமிர்ந்தாள்...

அவன் சிரிக்கவில்லை. உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு, வாழைப்பழச் சீப்பை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தான்.

அது இன்னும் கோபமாக வந்தது அவளுக்கு. “நில்லுங்க. போயிடாதீங்க!”

உள்ளே ஓடி ஒரு கோணிப்பையோடு வந்தாள். அவன் காலடியில் கொட்டினாள். காயலாங்கடையில் பொறுக்கிய ரப்பர் கையுறைகள், செக்கச் சிவப்பாக, இருபது முப்பது. பக்கத்தில் ஒரு கட்டு சவுக்குக் குச்சி.

“கோழி இல்லன்னா போவுது. என் கையி இருக்குது. வாங்க.”

வீட்டுக்குப் பின்னால் நவரைப் பட்டத்துக்கு விட்ட நாற்றங்கால். விரல் உயரத்துக்குப் பசும்பச்சை. “நாத்த மிதிச்சிடாதீங்க!” என்று வரப்பில் இருந்து சடையப்பன் குரல் கொடுத்தார். மகளின் கிறுக்குத்தனம் அவருக்குப் பழகிவிட்டது. இந்தப் பையன்தான் புதிது. நர்மதா சொல்லச் சொல்ல, பூவராகவன் ஒவ்வொரு குச்சியாக நட்டான். ஒவ்வொன்றின் தலையிலும் கையுறையை மாட்டி, உள்ளே வைக்கோல் திணித்து, விரல்களை அவள் நிமிர்த்தினாள்.

முடித்துவிட்டு வரப்பில் ஏறித் திரும்பிப் பார்த்தவன் மூச்சு விடவில்லை. மண்ணுக்குள் புதைந்த யார் யாரோ கையை மட்டும் வெளியே நீட்டி நிற்பது மாதிரி... சேற்றுக்குள் இருந்து இருபது சிவந்த கைகள் வானத்தைக் கேட்டுக்கொண்டிருந்தன.

“எடுங்க” என்றான் மெதுவாக.

“இன்னும் இல்ல. ஒண்ணு வரணும்.”

“இன்னா வரணும்?”

“உக்காருங்க. பேசாதீங்க.”

உட்கார்ந்தார்கள். ஈர வரப்பு. இருவருக்கும் நடுவே இரண்டு முழ இடைவெளி. தூரத்தில் கல்கத்தா ரோட்டில் லாரிகளின் இரைச்சல். தூறல் விழுந்தது, நின்றது, மறுபடி விழுந்தது. அவன் எழுந்து போகவில்லை. போனை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, கிசுகிசுப்பாகப் பேசினான்.

“எங்க ஊரு பழவேற்காடுங்க. அப்பாரு ஏரில வல போடறவரு. வலைல மீனோட ஒத்தச் செருப்பு வரும், பொம்ம தல வரும், பல்பு வரும். திட்டிகினே தூக்கி அடிப்பாரு. நான் அத்தயெல்லாம் பொறுக்கிக் கரையில வரிசையா வெப்பேன். செருப்பு மேல பொம்ம தலைய வெச்சா... படகுல ஒரு ஆளு போற மாதிரி இருக்கும்.”

நர்மதா திரும்பிப் பார்த்தாள். “அப்புறம்?”

“அப்புறம் இன்னா. கம்ப்யூட்டர் கத்துக்கினேன். வெட்டி ஒட்ட ஆரமிச்சேன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தக் கண்ணைப் பார்க்கக் கூடாது என்று முதல் நாளிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தாள். பார்த்துவிட்டாள். மழை நின்ற பிறகும் இலையில் தங்கும் சொட்டு மாதிரி ஏதோ ஒன்று அதில் தங்கியிருந்தது...

“ஷ்ஷ்!”

எங்கிருந்தோ ஒரு கரிச்சான் குருவி. கன்னங்கரேலென்று, வால் இரண்டாகப் பிரிந்து... ஒரு வட்டம் அடித்தது. இன்னொரு வட்டம். நடுவில் நின்ற கையின் ஆள்காட்டி விரலில் வந்து, மெத்தென்று உட்கார்ந்தது.

நர்மதா குப்புற விழுந்தாள். முழங்கை சேற்றில் புதைந்தது. செல்போன் மட்டும் அசையவில்லை. ஒன்று... இரண்டு... மூன்று. குருவி பறந்துபோனது.

எழுந்து உட்கார்ந்தபோது மூக்கு நுனியெல்லாம் சேறு. அவன் குருவி போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“கோழி நெஜந்தாங்க” என்றான்.

இந்த வார்த்தைக்குத்தானே இத்தனை நாள் கொதித்தாள்? கேட்டதும் நெஞ்சு குளிர வேண்டாமா? குளிரவில்லை.

“என்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? எடிட்டுன்னு சொன்ன எடத்துல போயி சொல்லுங்க.”

வருஷம் முழுக்க அவன் கடைக்கு வரும் பேனர் வேலையில் முக்கால்வாசி அந்தக் கம்பெனி வேலை. அதை அவன் சொல்லவில்லை, முகம் சொன்னது. ஒரு நொடி... இரண்டு நொடி... அந்த மௌனம் நர்மதாவைக் கோழி கொத்தியதைவிட ஆழமாகக் கொத்தியது.

“புரிஞ்சிடுச்சி. நீங்க கெளம்புங்க.”

“ஏங்க, நான் இன்னும் ஒண்ணும்...”

“ஒண்ணும் சொல்லல. அதாங்க எனக்குக் கேட்டுச்சி.”

அவன் போன பிறகு அந்த வாழைப்பழத்தை அவள் தொடவே இல்லை. திங்கட்கிழமை, செவ்வாய்க்கிழமை... குண்டு உருட்டும்போது, ஒவ்வொரு குண்டிலும் ஒரு முகம் வளைந்து தெரிந்தது. தள்ளினாள். அடுத்த குண்டிலும் தெரிந்தது. சே! இவனுக்காகவா நான் சோறு இறங்காமல் கிடக்கிறேன்? யார் இவன்? ஒரு வார்த்தை பேச வக்கில்லாதவன்!

வியாழக்கிழமை காலை. ஆண்டுவிழா. கம்பெனி கேட்டில் ஒரே கும்பல்.

“ஏய் நர்மதா! வாடி இங்க!” ஸ்நேகா ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தாள்.

கேட்டின் மேல் இருபதடிக்குப் பேனர். கோழி இப்போது செக்கச்செவேலென்று இருந்தது. அதன் கீழே, கம்பெனி பெயருக்குச் சமமான எழுத்தில்: ‘புகைப்படம்: ச. நர்மதா, தரப் பரிசோதனைப் பிரிவு. கோழி, குண்டு, ஹெல்மெட் மூன்றும் நிஜம்.’

ஷிப்டுக்கு வந்தவர்கள் எல்லாம் செல்போனில் அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ கைதட்டினார்கள். நர்மதாவுக்கு ஒரு கணம் காது அடைத்துக்கொண்டது. தன் பெயர்... இவ்வளவு பெரிதாக அவள் பார்த்ததே இல்லை. நெஞ்சுக்குள் கரிச்சான் வந்து உட்கார்ந்தது போல இருந்தது.

அடுத்த கணமே அது பறந்துபோனது. ராத்திரியோடு ராத்திரியாக ஃபிளெக்ஸில் அடித்து மாட்டிவிட்டு எங்கே போனான்? வாயால் சொல்லச் சொன்னால் பேனருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதா?

“நர்மதா! சார் கூப்புடறாரு.”

அறைக்குள் போனால், அங்கே நின்றுகொண்டிருந்தான் பூவராகவன். கையைக் கட்டிக்கொண்டு.

மோகன்ராஜுக்கு வேர்த்திருந்தது. “இன்னாய்யா வேல பண்ணி வெச்சிருக்க? யாரு கேட்டா உன்ன பேரு போடச் சொல்லி? பிளான்ட் ஹெட் கீழ நின்னு, யாரு அந்த நர்மதா, கூப்புடுங்கன்னு கேட்டுகினு இருக்காரு. எண்ணமும் வடிவமும் நம்மள்துன்னு நான் அவருக்கு மெயில் போட்டாச்சி!” குரலைத் தணித்தார். “சரி. ஒண்ணும் கெட்டுப் போவல. அவரு வந்தா பிரிண்டிங் மிஸ்டேக்குன்னு சொல்லிடு. பேரு மாறி விழுந்துடுச்சின்னு. நான் பாத்துக்கறேன். அடுத்த வருசமும் எல்லா வேலையும் உனக்குத்தான்.”

நர்மதா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் கட்டியிருந்த கையைப் பார்த்தாள். விரல்கள் வெளுத்திருந்தன. ஒரு நொடி... இரண்டு நொடி...

“மிஸ்டேக்கு பேனர்ல இல்ல சார்” என்றான் பூவராகவன். “போன்ல. நீங்க கேட்டப்ப நான் படத்த சரியாப் பாக்கவே இல்ல. எடிட்டுன்னு சொன்னது என் தப்பு. இவங்க படம் நெஜம். எங்க வேணாலும் வந்து சொல்றேன். இப்பவே கீழ வந்து அவருகிட்ட சொல்றேன்.”

“அப்போ இந்தக் கேட்டுக்குள்ள இனிமே நீ வரவே முடியாது. தெரியுமில்ல?”

“தெரியும் சார். ஞாயித்துக்கெழமயே தெரியும். முடிவு பண்ணத்தான் நாலு நாளு ஆச்சி. அதுக்கு நான் மன்னிப்புக் கேக்க வேண்டியது உங்ககிட்ட இல்ல.”

மோகன்ராஜ் நாற்காலியில் சாய்ந்தார். ஊரே செல்போனில் வைத்திருக்கும் பெயரை இனி எதைக் கொண்டு மறைப்பது? பேனர் அப்படியே இருக்கட்டும் என்றார். போட்டிப் பரிசு ஏற்கெனவே யாரோ எடுத்த சூரிய அஸ்தமனத்துக்குக் கொடுத்தாயிற்று, அது மாறாது என்றார். நர்மதாவைப் பார்த்து, “ரினிவல் நேரத்துல பாத்துக்கறேன்” என்றார்.

“பாருங்க சார்” என்றாள் நர்மதா. “நல்லா கண்ணத் தொறந்து பாருங்க. இன்னொரு வாட்டி பாக்காமயே சொல்லிடாதீங்க.”

கீழே பிளான்ட் ஹெட் அவள் கையைக் குலுக்கினார். வெயில் கூரைக்குள் எப்படி விழுந்தது என்று கேட்டார். விளக்கிச் சொன்னாள். சொல்லும்போதே அவள் கண் கம்பெனி கேட் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மைக்கறைச் சட்டை தனியாக ரோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது.

விழா அரைநாளில் முடிந்தது. ஷேர் ஆட்டோ நிறுத்தத்துக்கு வந்தால், அங்கே அவன். நின்றுகொண்டே இருந்திருக்கிறான். மழை பிடித்துக்கொண்டது. ஆட்டோவுக்குள் மீன்கூடைக்காரப் பெண்கள் நால்வர். “எளாவூரு, எளாவூரு!” என்று டிரைவர் கூவிக்கொண்டிருந்தான்.

“மன்னிச்சிடுங்க” என்றான் பூவராகவன்.

“மாட்டேன்.” ஒரு காலை ஆட்டோப் படியில் வைத்தபடி திரும்பினாள். உள்ளே அடைத்து வைத்ததெல்லாம் உடைந்துகொண்டு வந்தது. “இன்னா ஆளு நீங்க? ஒரு வார்த்த சொல்றதுக்கு நாலு நாளு! அந்த நாலு நாளும் எனக்குச் சோறு எறங்கல. தூக்கம் வரல. குண்டு உருட்டுனா அதுலயும் உங்க மூஞ்சி. கோவம் வந்தா திட்டுனதும் தீந்து பூடும் எனக்கு. இது தீரவே மாட்டேங்குது. திட்டத் திட்ட ஜாஸ்தியாவுது. இது இன்னா மாதிரி கோவம்னு நீங்களே சொல்லுங்க!”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே கேட்டது. முகம் சுட்டது. மழை அதன் மேல் விழுந்து ஆறியது.

பூவராகவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்தக் கண்ணில் தங்கியிருந்த சொட்டு இப்போது விழுந்தே விட்டது... மழையா அது, வேறா?

“வாயத் தொறங்க!” என்றாள் நர்மதா. “இதுக்கும் நாலு நாளு ஆவுமா?”

“எனக்கு... உங்கள ரொம்பப் புடிச்சிருக்குங்க.”

“கேக்கல. மழை.”

“உங்களத்தான் புடிச்சிருக்கு!” அவன் கத்தினான். டிரைவர் கூவுவதை நிறுத்தினான். “மொத நாளு கோழிக்காக சண்ட போட்டீங்களே, அப்பவே! கட்டிக்கினா உங்களத்தான்!”

ஆட்டோவுக்குள் நான்கு பெண்களும் ஒன்றாகச் சிரித்தார்கள். கதவோரம் இருந்தவள் தன் மீன்கூடையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்தாள்.

“ஏறும்மா. நைனா, நீயும் ஏறு.”

“நான் எதிர்ப்பக்கம் போவணும்... பைக்கு வேற அங்க நிக்குது...”

“பைக்கு எங்க ஓடிடப் போவுது? இவ போயிட்டா புடிக்க முடியுமா? ஏறுய்யா!”

நர்மதா ஏறி உள்ளே ஒதுங்கி உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவு இடம் இருந்தது. அதை அவள் யாருக்கும் கொடுக்காமல் கையை வைத்து மறைத்துக்கொண்டாள்.

அவன் வந்ததும் கையை எடுத்தாள்.